பிரித்தானியத் தீர்ப்பாயத்தில் புகலிடக் கோரிக்கை: கேள்வி பதில்

ஈஸ்ட் ஹாம்: அண்ணனிடம் ஆவணமோ சாட்சியோ இல்லை. நீதிபதி நம்புவாரா?

ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது. நேர்காணல், எழுத்து வாக்குமூலம், நாட்டு நிலவரம், மருத்துவ அறிக்கை ஆகிய அனைத்தையும் சேர்த்து எடைபோட்டே நீதிபதி முடிவுக்கு வர வேண்டும். 2022 ஜூன் 28 அன்றோ அதற்குப் பின்னரோ கோரியவராயின், தாம் அஞ்சுவது உண்மை என்பதையும் அந்த அச்சத்துக்குக் காரணமான தம் இனம், அரசியல் போன்ற அடையாளத்தையும், இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு மிகுதி என்னும் அளவுக்கு அவர் நிறுவ வேண்டும். திரும்பிச் சென்றால் துன்புறுத்தப்படுவார் என்பதற்கு நியாயமான சாத்தியம் இருந்தாலே போதும். முன்பு, அச்சத்தையும் அடையாளத்தையும் நிறுவும் முதற்படிக்கும் இந்தத் தாழ்ந்த அளவே இருந்தது. அதை உயர்த்தியது அநீதி என்றே கருதுகிறேன்; உயிருக்கு அஞ்சி ஓடுகிறவர் சான்றுகளைத் திரட்டிக்கொண்டு ஓடுவதில்லை.

ஹாரோ: முதல் நேர்காணலில் சித்திரவதையைச் சொல்லவில்லை.

ஏன் சொல்ல முடியவில்லை என்பதை வாக்குமூலத்தில் இப்போதே விளக்குங்கள். நேர்காணல் பிரதியை வரிவரியாக வாசித்து, மொழிபெயர்ப்புப் பிழைகளை முடிவு வருமுன் சட்டத்தரணி மூலம் எழுதி அனுப்புங்கள்.

லெஸ்டர்: என் தழும்புகள் நானே ஏற்படுத்தியவை என்கிறார்கள்.

2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கே.வி. என்னும் இலங்கைத் தமிழரின் வழக்கு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். சூடான இரும்புக் கம்பியால் சுட்ட தழும்புகள் அவருடைய முதுகிலும் கையிலும் இருந்தன. முதுகுத் தழும்புகளின் ஓரம் கூர்மையாக இருந்தது; முதுகில் சுட்டபோது தாம் மயங்கி அசைவற்றுக் கிடந்ததாக அவர் சொன்னார். வேறொருவரைக் கொண்டு அவரே சுடுவித்துக்கொண்டிருக்கலாம் என்று மேல் தீர்ப்பாயம் கருதியது. உச்ச நீதிமன்றம் அம்முடிவை நீக்கி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. காயம் எப்படி ஏற்பட்டது என்பதோடு நில்லாமல், அவர் கூறும் சித்திரவதைச் சூழலுக்குத் தழும்புகள் எவ்வளவு பொருந்துகின்றன என்றும் மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்பது அத்தீர்ப்பு. சித்திரவதைக் காயங்களை ஆராய்ந்து பதிவுசெய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியாகிய இஸ்தான்புல் நெறிமுறையின் படிநிலைகளைப் பின்பற்றி எழுதும் மருத்துவரிடமே செல்லுங்கள்.

குறுக்கீடு, குரொய்டன்: காசு கொடுத்துச் சுட்டுக்கொண்டவர்களும் இருக்கலாமே?

இருக்கலாம் என்ற ஊகம் சான்றாகாது. புகலிடம் கோருவோர் அப்படிச் செய்ததற்கான சான்று அநேகமாக இல்லை என்றே நீதிமன்றமும் கண்டது.

மீண்டும் குரொய்டன்: அப்படியானால் தழும்பு இருந்தாலே வென்றுவிடலாமா?

இல்லை. ஆறி முற்றிய தழும்பு தன் வயதைத் துல்லியமாகச் சொல்லாது. யார் சுட்டார், இன்றும் ஆபத்து உண்டா என்பவற்றை வாக்குமூலமே சொல்ல வேண்டும். ஆனால், நம்பமுடியாதவர் என்று முதலில் முடிவுகட்டிவிட்டுப் பிறகு மருத்துவ அறிக்கையைப் புரட்டும் நீதிபதி சட்டத் தவறு செய்கிறார். துன்பப்பட்டவரின் உடலைச் சந்தேகத்தோடு மட்டுமே பார்க்கும் பழக்கம் நம்மவரிடமும் பரவுவது எனக்கு வேதனை தருகிறது.

டூட்டிங், வெம்பிளி, ஹாரோ: கிராம சேவகர் கடிதம் போதுமா?

மூவருக்கும் ஒரே பதில்: போதாது. மற்றச் சான்றுகளோடு சேர்த்தே அதற்கு மதிப்பு. முகவரிடம் கடிதம் வாங்காதீர்கள். ஒரு பொய்க் கடிதம் உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

சௌத்ஹோல்: ஆர்ப்பாட்டப் படங்கள் உதவுமா?

இலங்கையர் கோரிக்கைகளுக்காக மேல் தீர்ப்பாயம் 2021இல் தந்த கே.கே., ஆர்.எஸ். வழிகாட்டுத் தீர்ப்பின்படி, புலம்பெயர் பிரிவினை அரசியலில் உங்களுக்குக் கணிசமான பங்கு உண்டென்று இலங்கை அரசு கருதுமா என்பதே வினா. வெறுமனே கூட்டத்தில் நின்ற படம் அதைக் காட்டாது. கொள்கையை மெய்யாகவே கொண்டவர், ஊரில் அச்சத்தால்தான் அதை மறைத்து வாழ நேரும் என்றால், அந்த வாதத்தையும் முன்வையுங்கள்.

லூட்டன்: வேலை அனுமதி எப்போது கிடைக்கும்?

அது வேறு துறை, சட்டத்தரணியைக் கேளுங்கள்.

ரெடிங்: மறுப்புக் கடிதம் வந்து பத்து நாளாகிறது.

மேன்முறையீட்டுக்கு 14 நாட்களே உண்டு. அவை கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும். இன்றே சட்டத்தரணியிடம் செல்லுங்கள். நேர்காணல் பிரதியையும் கொண்டுபோங்கள்.