மிச்ச நகையையும் ஈடு வைக்கலாமா?

கேள்வி: மகளுக்கு 20 வயது, உயர்தரம் முடித்தவள். கொழும்பில் விமானப் பணிப்பெண் பயிற்சி, அதிலும் பிஸ்னஸ், முதல் வகுப்புச் சேவைக்கென்று ‘ப்ரீமியம்’ கோர்ஸ், 450,000 ரூபா. தெரிந்த இடம், உடனே சேர் என்று தம்பி நெருக்குகிறான். நகையை ஈடு வைத்து 150,000 கட்டிவிட்டேன். மாத வட்டி நூற்றுக்கு ஒன்றரை. அதைக் கட்டக் குழுக்கடன் எடுத்தேன், கிழமைக்கு 1,500. இடியப்பம் அவித்து மாதம் 35,000 மட்டில் வரும். மிச்ச நகையையும் வைக்கவா? – ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: வைக்க வேண்டாம், அம்மா.

கோர்ஸை விட என்னைப் பயமுறுத்தியது, ஈட்டு வட்டிக்குக் குழுக்கடன் எடுத்தது. கடனைக் கடனால் கட்டும் இந்தப் பழக்கம்தான் உங்கள் வீட்டை அரிக்கிறது. முழுத் தொகைக்கும் நகை வைத்தால் மாத வட்டி 6,750. குழுக்கடன் மாதம் ஏறத்தாழ 6,500. சேர்த்தால் 13,000க்கு மேல். விடியற்காலை அடுப்படியில் நின்று உழைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும். ஈட்டுக்கு வாங்கிய முதல் தொகையில் ஒரு சதமும் குறையாது.

‘ப்ரீமியம்’ என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். எமிரேட்ஸ், கட்டார் எயார்வேஸ் போன்றவை ஆளை எடுத்த பிறகு தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. எமிரேட்ஸில் புதிதாகச் சேர்பவர் எகானமியில்தான் தொடங்குவார். பிஸ்னஸும் முதல் வகுப்பும் பதவி உயர்வில், அவர்கள் கொடுக்கும் பயிற்சியோடு வரும். அங்கே குறைந்த வயது 21, ஆகவே 21 ஆகும்வரை மகள் அங்கே சேர முடியாது. நுனிக்காலில் நின்று கையை உயர்த்தினால் 212 சென்ரிமீற்றர் எட்ட வேண்டும். இன்றே சுவரில் சோக்கால் கோடு போட்டுப் பாருங்கள். அதற்குக் காசு வேண்டாம். எட்டாவிட்டால் எந்தச் சான்றிதழும் உதவாது.

தம்பியிடம் ஒன்றே கேளுங்கள்: அங்கே படித்து இப்போது விமானத்தில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று. பதில் வரும்வரை காசு நகரக்கூடாது. கட்டிய 150,000ஐத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வந்தால் அன்றைக்கே நகையை மீட்டுவிடுங்கள். வராவிட்டால், அதைக் காப்பாற்ற இன்னொரு 300,000 போடாதீர்கள்.

மகள் இந்த ஒரு வருடம் பாசிக்குடா ஹோட்டல்களில் வரவேற்பு வேலை தேடட்டும். வாடிக்கையாளரோடு பழகிய அனுபவமும் பேச்சு ஆங்கிலமும் நேர்முகத்தில் நிற்கும்.

குழுக்கடன் முடிந்ததும் அடுத்த சுற்றுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். கிழமைதோறும் கட்டிய அந்த 1,500ஐ அப்படியே ஈட்டின் முதல் தொகைக்குக் கட்டி வாருங்கள்.