குத்தகை உறுதி எழுதுமுன் ஒப்பந்தகாரருக்கு முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்களுடையது 22 பேர் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனம். பம்பலப்பிட்டியில், முன்பு குடியிருப்பாக இருந்த ஒரு கட்டடத்தின் 4ஆம் மாடியில் 2,400 சதுர அடியை ஐந்து வருடக் குத்தகைக்குப் பேசியிருக்கிறோம். வாடகை மாதம் 4 இலட்சத்து 80 ஆயிரம். வரி எல்லாம் போகக் கையில் அவ்வளவும் வரவேண்டும் என்கிறார் உரிமையாளர். இடம் வெறும் சீமெந்துத் தளம். சீலிங், பார்ட்டிஷன், வயரிங், ஏசி எல்லாம் நாங்கள்தான் போட வேண்டும். அதற்கு ஒப்பந்தகாரர் 1 கோடி 44 இலட்சத்துக்கு கொட்டேஷன் தந்து, 40 வீதம் முற்பணம் கேட்கிறார். உரிமையாளர் தன் பங்காக 20 இலட்சத்தை வாடகையில் கழிப்பதாக வாயால் சொன்னார். இப்போதைக்கு இருவரும் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம். நொத்தாரிசு முன் எழுதும் குத்தகை உறுதியை வேலை முடிந்த பிறகு எழுதலாமாம். ஆறு மாத அறிவித்தலில் அவர் குத்தகையை முடிக்கலாம் என்றும் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. எங்களுக்கு வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இல்லை. 1 கோடி 44 இலட்சம் என்று பட்ஜெட் போட்டால் போதுமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: போதாது. ஆனால் அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தகாரருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால், தயவுசெய்து இப்போது கொடுக்க வேண்டாம்.

நீங்கள் கையெழுத்திட்ட கடிதம் ஐந்து வருடக் குத்தகை ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் எழுத்தில் கையெழுத்திடப்பட வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தில் அதற்கு வலு இல்லை. நீங்கள் குடிபுகுந்து மாதா மாதம் வாடகை கட்டி வந்தால், நீதிமன்றம் உங்களை மாத வாடகைக்காரராகவே பார்க்கும். மாத வாடகையை ஒரு மாத அறிவித்தலில் முடித்துவிடலாம். வாடகைச் சட்டம் காப்பாற்றும் என்று உங்களுடையதைப் போன்ற பெரிய வர்த்தக இடத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். அதாவது, ஒரு மாத அறிவித்தலில் கைவிட்டுப் போகக்கூடிய இடத்தில் ஒன்றரைக் கோடியைக் கொட்டப் போகிறீர்கள். உரிமையாளர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவர் நாளைக்குக் கட்டடத்தை விற்றால், வாங்குபவர் உங்கள் கடிதத்தை மதிக்கத் தேவையில்லை. நொத்தாரிசு உறுதியாக எழுதி காணிப் பதிவகத்தில் பதிந்த குத்தகை என்றால், பிறகு வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கொட்டேஷனின் கடைசி வரியை ஒருமுறை வாசியுங்கள். இந்தத் துறையில் பெரும்பாலும் அங்கேதான் 'வற் தனி' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்களுடையதிலும் அப்படி இருந்தால் 18 வீதத்துக்கு 25 இலட்சத்து 92 ஆயிரம் கூடும். வற் பதிவு இல்லாதபடியால் அதை நீங்கள் திரும்பப் பெறவும் முடியாது. ஆக மொத்தம் ஏறத்தாழ 1 கோடி 70 இலட்சம். உரிமையாளரின் 20 இலட்சம் உண்மையிலேயே வந்தால் உங்கள் செலவு ஒன்றரைக் கோடி. அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் இரண்டரை இலட்சம். இதை வாடகையின் ஒரு பகுதியாகவே நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்தில் எழும்பச் சொன்னால் அதே ஒன்றரைக் கோடி மாதம் ஆறேகால் இலட்சமாகிவிடும். அது நீங்கள் கட்டும் வாடகையையே மிஞ்சிய தொகை. டைலையும் சீலிங்கையும் எவ்வளவு மலிவாகப் பிடித்தாலும், அந்த ஆறு மாத அறிவித்தல் வரியால் வரும் நட்டத்தை ஈடுகட்ட முடியாது.

அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால், காலத்துக்கு முன் அவர் குத்தகையை முடித்தால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டரை இலட்சம் வீதம் தர வேண்டும் என்று உறுதியில் எழுதுங்கள். 24ஆம் மாதத்தில் முடித்தால் 36 மாதம், 90 இலட்சம். செலவுப் பட்டியலை இணைப்பாக உறுதியோடு சேர்த்துவிட்டால் பிறகு தொகையைப் பற்றி வாதாட வேண்டி வராது.

'கையில் அவ்வளவும்' என்ற பேச்சும் பணம்தான். மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டினால் 10 வீதத்தைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுவது வாடகை கொடுப்பவரின் பொறுப்பு. அவர் கையில் 4 இலட்சத்து 80 ஆயிரம் போக வேண்டுமென்றால், உண்மையான வாடகை 5 இலட்சத்து 33 ஆயிரத்து 333. ஐந்து வருடத்தில் இந்த வித்தியாசம் மட்டும் 32 இலட்சம். இதை இப்போதே பேசித் தீருங்கள். உரிமையாளர் தருவதாகச் சொன்ன 20 இலட்சமும் எந்த மாதம் எவ்வளவு கழியும் என்று உறுதியில் வர வேண்டும். வாய்ப்பேச்சை பட்ஜெட்டில் வரவாக எழுதாதீர்கள்.

குடியிருப்பாக இருந்த கட்டடம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கவலையாக இருந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி, பயன்பாட்டை மாற்றுவதற்கும் அபிவிருத்தி அனுமதி வேண்டும். வீடாக அனுமதி பெற்ற மாடியை அலுவலகமாக்க அனுமதி இருக்கிறதா, அனுமதித்தபடியே கட்டடம் இருக்கிறது என்று உறுதிப்படுத்தும் இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா என்று பிரதி கேளுங்கள். மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் தேவைகளும் இருக்கும். பார்ட்டிஷன் போட்டு முடித்த பிறகு வெளியேறும் வழியை அகலமாக்கச் சொன்னால், போட்டதையே உடைக்க வேண்டி வரும். அனுமதி எடுப்பது உரிமையாளர் பொறுப்பு, கிடைக்காவிட்டால் குத்தகை முடிந்து உங்கள் வைப்புப் பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். தனித்தனி உரிமையாளர்கள் உள்ள கொண்டோமினியம் என்றால், கட்டடத்தை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் எழுத்துச் சம்மதமும் தேவைப்படும். ஏசிக்கு மூன்று பேஸ் மின்சாரம் போதுமா என்பதை உங்கள் பொறியியலாளர் நேரில் பார்க்கட்டும். புதிய கேபிள் இழுக்கும் செலவு பெரும்பாலும் எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கும்போது கட்டடம் வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கலாம். ஈடு முந்தியது, உங்கள் குத்தகை பிந்தியது என்றால் வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம்.

போகும்போது எதை எடுத்துப் போகலாம்? எமது உரோமன்-டச்சுச் சட்டத்தில், கட்டடத்தோடு நிரந்தரமாகப் பொருத்தியது கட்டடத்தோடு சேர்ந்துவிடும். உரிமையாளர் சம்மதத்தோடு செய்த பயனுள்ள திருத்தங்களுக்கு நட்டஈடு கேட்க வழியுண்டு. ஆனால் அதற்காகப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு அலைவதை ஒரு திட்டமாக நினைக்காதீர்கள். போதாததற்கு, பல உறுதிகளில் அந்த உரிமையையே விட்டுக்கொடுப்பதாக ஒரு வாசகம் இருக்கும். ஏசி, கழற்றக்கூடிய பார்ட்டிஷன், விளக்குகள், சேர்வர் அலுமாரி எல்லாம் குத்தகைக்காரருடையவை, கழற்றலாம் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுங்கள். 'இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும்' என்ற வாசகம் இருந்தால், உடைத்து அகற்றும் செலவும் உங்கள் பட்ஜெட்டில் வர வேண்டும். இன்றைய வெறும் தளத்தைப் படம் எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு உறுதியோடு இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போகிற நேரத்தில் நிலத்தில் ஏற்கெனவே இருந்த வெடிப்பும் உங்கள் கணக்கில் விழும்.

ஒப்பந்தகாரரிடம் வேலைவாரியான அளவுப் பட்டியல் கேளுங்கள். மொத்தத் தொகை மட்டும் வேண்டாம். 40 வீத முற்பணம் அதிகம், 20 வீதத்துக்கு இறங்கிப் பேசுங்கள். மீதியை வேலை முடிய முடியக் கொடுத்து, 5 வீதத்தை குறைபாட்டுக் காலம் (வேலையில் தெரியவரும் குறைகளை அவர் திருத்தித் தர வேண்டிய காலம்) முடியும்வரை பிடித்து வையுங்கள். நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் அவர் பதிந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். விலை மாறாது என்று எழுத்தில் வாங்குங்கள். 2022இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, இறக்குமதி ஏசியையும் கண்ணாடியையும் பழைய விலைக்குத் தர யாரும் முன்வரவில்லை. இத்தனைக்கும் மேல் 10 முதல் 15 வீதம் கைகாவலாக ஒதுக்குங்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், நொத்தாரிசு கட்டணம் யார் தலையில் என்பதையும் கேட்டு வையுங்கள்; வழக்கமாக அது குத்தகைக்காரர்தான்.

வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை ஓடக்கூடாது. இலவசக் காலம், சாவி கையில் வந்து அனுமதியும் கிடைத்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல. கொட்டேஷன் காலாவதியாகிவிடும் என்று ஒப்பந்தகாரர் அவசரப்படுத்தினால், செல்லுபடியாகும் நாளை ஒரு மாதம் நீட்டித் தரும்படி இன்றே எழுதிக் கேளுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் காணிப் பதிவகத் தேடலையும் உறுதி எழுதுவதையும் முடித்துவிடலாம்.