மரம் காவலிதானே, பச்சைக் கதியாலில் ஏன் கரண்ட் அடிக்குது?

கேள்வி: தோட்டத்துக் கிணற்று மோட்டருக்கு வேலியோடு கட்டி வயர் போயிருக்கு. மழை பெய்தால் கிளுவங்கதியாலைத் தொட, சுள்ளெண்டு அடிக்குது. மரம் காவலி, அதாவது கரண்டைக் கடத்தாத பொருள், எண்டுதானே படிச்சம்?

காய்ஞ்ச மரம் காவலி. கிளுவங்கதியால் வேலிக்கு நட்டு, உயிரோடு நிற்கிற மரம்.

செம்பில் அணுவுக்கு ஏறத்தாழ ஓர் இலத்திரன் கட்டில்லாமல் திரியும். அதனால் 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி 100 மீற்றர் ஓடினாலும் தடை 1.15 ஓம் அளவுதான். பிவிசி உறையிலும் காய்ஞ்ச மரத்திலும் இலத்திரன்கள் பிணைப்புக்குள் மாட்டுப்பட்டிருக்கும். பச்சை மரத்தில் கரண்டைக் கொண்டு போவது இலத்திரன் இல்லை, சாற்றில் கரைந்திருக்கும் உப்பு அயன்கள் (மின்னேற்றமுள்ள துணிக்கைகள்). முற்றாகக் காய்ந்த மரத்துக்கும் நீர் ஊறிய மரத்துக்கும் தடைத்திறன் கோடி மடங்குக்கு மேல் வேறுபடும். தண்ணீரும் அப்படித்தான்: வடித்த நீர் மிகக் குறைவாகத்தான் கடத்தும், சுண்ணக்கல்லுக்குள்ளால் ஊறி வரும் எங்கட கிணற்றுத் தண்ணி அதைவிடப் பல நூறு மடங்கு கடத்தும்.

ஆனால் பிழை கதியாலில் இல்லை, வயரில். வெயிலில் கிடந்த பிவிசி விறைத்து வெடிக்கும். கதியால் பருக்கப் பருக்க, கட்டுக்கம்பி உறையை நெரித்து வெட்டும். அதைவிட மோசம், கறுத்த ரேப் சுற்றின மூட்டு. பசை இளகினதும் மழைத்தண்ணி உள்ளே போய் நிற்கும்.

கரண்ட் கசிந்தால் தானாக நிற்பாட்டுகிறது ட்ரிப் சுவிச். "ட்ரிப் சுவிச் விழேல்லை, அப்ப கசிவில்லை" எண்டு நம்பவேண்டாம். 30 மில்லிஅம்பியர் சுவிச், கசிவு 15 மில்லிஅம்பியருக்குக் கீழே எண்டால் விழாது. 230 வோல்ற்றில் கசிவுப் பாதையின் தடை 15 கிலோஓமுக்கு மேல் எண்டால் அது பேசாமல் இருக்கும். உடம்புக்கோ 1 மில்லிஅம்பியரே சுள்ளெண்டு தெரியும்.

மெயின் சுவிச்சை நிறுத்தி, வயரை இரண்டு முனையிலும் கழற்றுங்கள். பிறகு மின்வேலைகாரரைக் கொண்டு 500 வோல்ற் மெகரால் (காவலியின் தடையை அளக்கிற கருவி) வயரைத் தனியே, மோட்டரைத் தனியே பார்க்கவேண்டும். கம்பிக்கும் எர்த்துக்கும் இடையில் 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்தப் பகுதி பழுது. மல்ரிமீற்றர் இதுக்குச் சரிவராது. அதன் சில வோல்ற்றுக்கு நலிந்த காவலியும் நல்லதுபோலக் காட்டும். மழை ஈரம் காயமுன் சோதியுங்கள், காய்ந்த பிறகு பிழை ஒளித்துவிடும்.

புது வயரை மூட்டில்லாமல் ஒரே நீளமாக எடுத்து, பிவிசி குழாய்க்குள்ளால், வேலியைத் தொடாமல் கொண்டு போங்கள்.