விருந்தில் பலருக்கு வாந்தி பேதி வந்தால், எந்தப் பதார்த்தத்தால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

"படுத்தவங்க எல்லாருமே அந்த ஐட்டத்தைச் சாப்பிட்டவங்கதான், அப்புறம் என்ன ஆராய்ச்சி?" என்று கேள்விக்குக் கீழேயே எழுதியிருக்கீங்க. அனேகமா உங்க வீட்டு விசேஷத்துல இப்படி ஆகியிருக்கும். இந்நேரம் சமையல்காரரைப் பிடிச்சு வெச்சிருப்பீங்க, பாக்கிப் பணத்தையும் நிறுத்தியிருப்பீங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லைங்க. புள்ளியியல் படித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். எங்கப்பா கோபிப் பக்கம் கல்யாணச் சமையல்காரர். "அப்பனுக்கு வக்காலத்து வாங்குறா" என்று கமெண்ட் போட நினைப்பவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நான் கடைசி வருஷம் படித்தபோது ஒரு வரவேற்பு. ராத்திரிச் சாப்பாடு அப்பா பொறுப்பு. காளான் பிரியாணிதான் முக்கியமான அயிட்டம். இளநீர் பாயாசம் மட்டும் பொண்ணு வீட்டுக்காரர்கள் வேறு ஆளிடம் சொல்லி, தனி ஸ்டால் போட்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு மேல் போன் வர ஆரம்பித்தது. பொண்ணோட தாய்மாமனுக்கு ட்ரிப்ஸ். விடிவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "ஏனம்மிணி, காளான் போட்டா இப்படித்தான் ஆகும்னு உங்கப்பனுக்குத் தெரியாதா?" என்று பொண்ணோட அத்தை என்னிடமே கேட்டார்.

மிச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதுதானே என்பீர்கள். பாத்திரம் அத்தனையும் ராத்திரியே கழுவிக் கவிழ்த்தாச்சு. ஒரு கரண்டி மிஞ்சவில்லை.

அதனால் ஆட்களைக் கேட்டேன். யாரைக் கேட்பது? மொய் நோட்டு இருக்கிறதே. பேரும் ஊரும் வரிசையாக இருந்தது: சத்தி, நம்பியூர், அந்தியூர், பவானி. பொண்ணோட அண்ணன் நல்லவர், நோட்டையும் போன் நம்பர்களையும் கொடுத்தார். 84 பேரிடம் பேசினேன், அதில் படுத்தவர்கள் 31. "எதனால வந்துச்சுனு நினைக்கிறீங்க?" என்று ஒருவரிடமும் கேட்கவில்லை, கேட்டால் எல்லாரும் காளான் என்றுதான் சொல்வார்கள். மெனுவை வைத்துக்கொண்டு, சப்பாத்தி எடுத்தீங்களா, பிரியாணி எடுத்தீங்களா, தயிர் சாதம் எடுத்தீங்களா என்று ஒவ்வொன்றாக ஆமாம், இல்லை வாங்கினேன்.

படுத்த 31 பேரில் 28 பேர் பிரியாணி சாப்பிட்டவர்கள். 90 சதம்! இங்கேதான் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். ஒன்றும் ஆகாத 53 பேரில் 48 பேர் அதே பிரியாணியைச் சாப்பிட்டிருந்தார்கள். அதுவும் 90 சதம். திருப்பிப் பார்த்தாலும் அதுவேதான்: சாப்பிட்ட 76 பேரில் 28 பேர் படுத்தார்கள், சாப்பிடாத 8 பேரில் 3 பேர். இரண்டுமே 37 சதத்தை ஒட்டித்தான். 8 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். பாயாசத்தைப் பாருங்கள். குடித்த 40 பேரில் 29 பேர் படுத்திருந்தார்கள், தொடாத 44 பேரில் 2 பேர். சதமாக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 16 மடங்கு.

தயிர் சாதம் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. அது அப்பா செய்தது. சாப்பிட்ட 50 பேரில் 24 பேர், சாப்பிடாத 34 பேரில் 7 பேர். இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு நாள் அந்தத் தாளை எடுக்கவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது: தயிர் சாதப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே பாயாச ஸ்டால், இதை எடுத்தவர் கையோடு அதையும் எடுத்திருப்பார். பிரித்துப் போட்டேன். தயிர் சாதம் சாப்பிட்டு பாயாசம் குடிக்காத 19 பேரில் ஒருவர்தான் படுத்தார். பாயாசம் மட்டும் குடித்த 9 பேரில் 6 பேர்.

பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கியிருந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உணவில் சுரந்து வைக்கும் நச்சு இப்படித்தான் 8 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும், மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை.

பாயாசம் குடிக்காத அந்த 2 பேர் எப்படிப் படுத்தார்கள் என்று கேட்பீர்கள். மறந்திருக்கலாம், பேரன் டம்ளரில் ஒரு வாய் குடித்திருக்கலாம். 1940 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்து ஆஸ்வீகோ பகுதியில் நடந்த சர்ச் விருந்து, இப்படி ஆட்களைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் பாடத்துக்கே அரிச்சுவடி. 75 பேரைக் கேட்டதில் 46 பேர் படுத்திருந்தார்கள். வெனிலா ஐஸ்க்ரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேர், சாப்பிடாத 21 பேரில் 3 பேர். அங்கேயும் அந்த மூணு பேர் உண்டு.

விருந்து என்றால் மொய் நோட்டு இருக்கிறது. ஊர் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படுத்தால்? ஈரோட்டில் படுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தக்காளி சாப்பிட்டார்கள் என்றால் அது ஒரு செய்தியா? சாதாரண வாரத்தில் எத்தனை பேர் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது முதலில் தெரியவேண்டும். அமெரிக்காவில் நோயில்லாதவர்களிடம் "போன ஏழு நாளில் இதைச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டே கணக்கு வைத்திருக்கிறார்கள். நம்ம குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு வீட்டுக்கு எத்தனை கிலோ என்று கேட்கும். யார் தின்றது என்று கேட்காது.

கணக்கு இருந்தாலும் சறுக்கும். 2008இல் அங்கே 1,400 பேருக்கு மேல் சால்மோனெல்லா என்ற கிருமியால் பேதி வந்தபோது முதலில் தக்காளியைத்தான் பிடித்தார்கள். அப்புறம் பார்த்தால் தக்காளியோடு சேர்த்துத் தின்ற பச்சை மிளகாய் வகை. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற கிருமியால் பலர் படுத்தபோது ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. கடைசியில் அகப்பட்டது முளைகட்டிய வெந்தயம். சாலட்டில் நாலு இழை கிடந்ததை நோயாளிகளுக்கு நினைவே இல்லை. ஹோட்டல் பில்லையும் சமையல் குறிப்பையும் வைத்துத்தான் பிடித்தார்கள்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பந்தல்காரர், போட்டோக்காரர், பூக்காரர் எல்லாருக்கும் அன்றைக்கே கணக்கு முடியும். சமையல்காரருக்கு மட்டும் "மொய் எண்ணிட்டுத் தர்றோமுங்க." சாப்பாட்டில் குறை இல்லாத வீட்டிலேயே இதுதான் நிலவரம். இந்த வீட்டுப் பாக்கி 18,000 ரூபாய், என் தாளைக் காட்டிய பிறகும் வரவில்லை.

அப்பாவிடமும் அந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிரியாணி வரியில் விரலை வைத்தார். பாயாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்த எட்டுப் பேரு ஆரு அம்மிணி? ஏன் பிரியாணி திங்கல?"