உண்ணிச்செடிப் பழத்துக்குள் இருக்கும் சின்னப் புழு எது? அது அந்தக் களையை அழிக்குமா?

அது ஓபியோமையா லன்டானே என்னும் குட்டிக் கருப்பு ஈயின் புழு. இலைத்துளைப்பான் ஈக்களின் குடும்பம்தான், ஆனால் இது வளர்வது பழத்துக்குள்.

மெக்சிகோவிலிருந்து 1902-ல் ஹவாய்க்கும், அங்கிருந்து 1921-ல் இந்தியாவுக்கும் உண்ணிச்செடியை ஒடுக்கவே இதைக் கொண்டுவந்தார்கள். ஒடுக்கியதா என்றால், இல்லை. நம் காடுகளைப் பார்த்தாலே தெரியும். புழு பெரும்பாலும் சதையைத்தான் தின்கிறது, விதை பல சமயம் முளைக்கும் நிலையிலேயே தப்பிவிடுகிறது. புழு தின்ற பழத்தைப் பறவைகள் அவ்வளவாக விரும்பாததால் பரவல் கொஞ்சம் குறையலாம். அதற்கு மேல் இந்த ஈயை நம்பக் கூடாது என்பதே என் கருத்து.

அப்புறம் இதன் உறவுகள்: ஓபியோமையா கமாரே அதே செடியின் இலை நரம்புகளை ஒட்டிச் சுரங்கம் போடும். ஓபியோமையா பேசியோலி, அதாவது தண்டு ஈ, பயறு நாற்றுகளின் தண்டைக் குடைந்து வாட வைக்கும். விவசாயிகள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.