மழலையர் வகுப்பு: கேளுங்கள், சொல்கிறோம்

என் யு.கே.ஜி. வகுப்பில் 28 பிள்ளைகள். நன்றாக வரைந்தால், எழுதினால் ஸ்டார் ஒட்டுகிறேன். மூன்று வாரம்தான் ஆயிற்று, இப்போது எதைச் சொன்னாலும் "ஸ்டார் குடுப்பீங்களா மிஸ்?" என்கிறார்கள்.
– ஆசிரியை, நாமக்கல்

வேலைக்குக் கூலி உண்டு என்று நீங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். அவர்கள் கூலி கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் நடந்து, 1973-ல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. படம் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு, பரிசு ஏதும் இல்லாதபோது, மற்ற பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள்.

ஆகவே வரைதல், கதை, பாட்டு, விளையாட்டுக்கு ஸ்டார் வேண்டாம். கை கழுவுவது, பையை இடத்தில் வைப்பது போன்ற சுவையில்லாத வேலைகளுக்கு ஏதாவது வேண்டுமென்றால், வகுப்புக்குப் பொதுவாக ஒரு பிளாஸ்டிக் டப்பா வையுங்கள். எல்லோரும் சாமானை எடுத்துவைத்ததும் ஒரு மரக்கட்டையைப் போடுங்கள். 10 சேர்ந்தால் வெளியே 10 நிமிடம் கூடுதல் ஆட்டம். மூன்று நான்கு நாளில் நிரம்ப வேண்டும், இந்த வயசுக்கு ஒரு மாதமெல்லாம் கண்ணுக்கெட்டாத தூரம். போட்ட கட்டையைத் தண்டனையாகத் திரும்ப எடுக்காதீர்கள். எடுத்த மறுநொடியே "உன்னாலதான்டா போச்சு" என்று வகுப்பே ஒரு பிள்ளையின் மேல் பாயும்.

எல்.கே.ஜி.யில் எண் சொல்லித்தரப் பரமபதம் ஆடவைக்கலாமா? 20-ஐத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் எழுந்துபோய்விடுகிறார்கள்.
– ஆசிரியை, மன்னார்குடி

போகாமல் என்ன செய்வார்கள்? கட்டம் ஏராளம், வரிசைக்கு வரிசை திசை மாறுகிறது, பாம்பு வேறு. எண் கூடிக்கொண்டே போகிறது என்பது நாலு வயதுக் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், கட்டங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ராபர்ட் சீக்லர், கீதா ராமணி இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட ஒற்றை வரிசைப் பலகைதான் பயன்பட்டது. இரண்டு வாரத்தில் 15 நிமிடம் வீதம் நான்கு முறை ஆடியதிலேயே முன்னேற்றம் தெரிந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

பழைய அட்டைப் பெட்டியிலிருந்து 77 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். 7 செ.மீ.க்கு ஒரு கோடு. இடது ஓரக் கட்டம் புறப்படும் இடம். அடுத்து 1 முதல் 10. கட்டங்கள் ஒரே அளவில் இருப்பது முக்கியம், 10 இரண்டு இலக்கம் என்று அதை மட்டும் பெரிதாக்கிவிடாதீர்கள். ஆறு பக்கப் பகடை வேண்டாம், மூன்று நான்கு வீச்சிலேயே ஆட்டம் முடிந்துவிடும். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியின் உள்பக்கம் ஒரு புள்ளி, வெளிப்பக்கம் இரண்டு புள்ளி வைத்துச் சுண்டவிடுங்கள்.

இனி, பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். காய் 4-ல் நிற்கிறது, இரண்டு விழுகிறது. தாயத்தில் ஆடுகிற பழக்கத்தில் நாம் "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்துவோம். இங்கே "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்லித்தான் நகர்த்த வேண்டும். பயன் முழுக்க இதில்தான். சில பிள்ளைகள் நிற்கும் கட்டத்தையே முதலாவதாக எண்ணி, 5-லேயே நின்றுவிடுவார்கள். திருத்த வேண்டாம். "இப்ப எதுல நிக்கிற? நாலு. தாண்டினா?" என்று கேளுங்கள், போதும். தமிழில் தொடங்கினால் அந்த ஆட்டம் முழுக்கத் தமிழிலேயே எண்ணட்டும்.

ஒரு பலகைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. ஒருவருக்குச் சுமார் 7 வீச்சு, நால்வருக்கு 28. எட்டுப் பேர் என்றால் காத்திருப்பதிலேயே சண்டை மூளும். கடைசிக் கட்டத்துக்குச் சரியான எண் விழ வேண்டும் என்ற விதியையும் விட்டுவிடுங்கள். மற்றவர்கள் களிமண் பிசையட்டும், கட்டை அடுக்கட்டும். நீங்கள் இந்த நால்வருடன் உட்காருங்கள்.

மியூசிக்கல் சேரில் தோற்ற பிள்ளைகள் அழுகிறார்கள். நிறுத்திவிடலாமா?
– மழலையர் பள்ளித் தலைமையாசிரியர், காரைக்குடி

ஆட்டம் இருக்கட்டும், வெளியேற்றுவதை நிறுத்துங்கள். முதலில் 'அவுட்' ஆகி மூலையில் உட்காருவது பெரும்பாலும் அதிகம் ஆட வேண்டிய பிள்ளைதான். 12 பேருக்கு 12 நாற்காலி. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து அட்டை. பாட்டு நின்றதும் உட்கார்ந்து, அட்டையிலுள்ள எழுத்தைச் சொல்ல வேண்டும். மூன்றே எழுத்துகள், ஒவ்வொன்றும் நான்கு முறை வரட்டும். முதல் நாளே ப, ய இரண்டையும் சேர்த்துவைத்தால் குழப்பம்தான்.

பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை கொடுக்கலாமா?
– அங்கன்வாடிப் பணியாளர், திருப்பத்தூர்

வேண்டாம். மூக்கிலும் காதிலும் போகும், ஊறினால் உப்பும், எடுப்பது பெரும்பாடு. 3 வயதுக்குட்பட்டோர் பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் குறுக்களவு 31.7 மி.மீ.; அதற்குள் அடங்குவது எதுவும் ஆபத்து. தண்ணீர் பாட்டில் மூடியும் அதற்குள் அடங்கிவிடும். அகலவாய் டப்பா மூடிகளை எடுத்து, குழிக்குப் பதில் தட்டுகளில் போட்டு ஆடட்டும். ஆட்டம் முடிந்ததும் எண்ணி வாங்குங்கள். அதையும் பிள்ளைகளே எண்ணட்டும்.