டைம் ஆபீஸ் வேலை

அன்புள்ள சார்,

எம்.பி.ஏ. முடித்திருக்கிறேன், எச்.ஆர். பிரிவு. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். அசிஸ்டெண்ட் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் 16,000 ரூபாய். போய்ப் பார்த்தேன். பெயர்தான் எச்.ஆர்., உட்காரப்போவது டைம் ஆபீசில். வருகைப்பதிவு, ஜாயினிங் ஃபார்ம், யூனிஃபார்ம், கேண்டீன் டோக்கன், பஸ் ரூட், இவ்வளவுதான். என்னோடு படித்தவர்கள் ஐ.டி. கம்பெனிகளில் ரெக்ரூட்டராகிவிட்டார்கள். படித்தது டேலண்ட் மேனேஜ்மெண்ட், கிடைத்தது குமாஸ்தா வேலை. சேரலாமா, காத்திருக்கலாமா? ஏதாவது சர்டிபிகேட் கோர்ஸ் செய்யலாமா? ஏ.ஐ. வந்தால் இந்த வேலை மிஞ்சுமா? நீங்கள் மில்லில் பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

வி.

அன்புள்ள வி.,

சேருங்கள். கோர்ஸ் இப்போது வேண்டாம், எக்செல் ஒழுங்காகத் தெரிந்தால் போதும். ஏ.ஐ. பற்றி என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. ரெக்ரூட்டர் நண்பர்களைப் பற்றிப் பொறாமைப்படுவதென்றால் ஓய்வு நேரத்தில் படுங்கள்.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் ‘குமாஸ்தா வேலை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. போன மாதம்தான் பழைய மில் தோழர் ஒருவரோடு பி.எஃப். ஆபீசுக்குப் போய் வந்தேன். அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கும்போது உங்கள் மெயில் வந்து சேர்ந்தது.

நீங்கள் மூக்கைச் சுளிக்கும் அந்த நாற்காலி எப்படி வந்தது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களா? பழைய மில்களில் ஆள் எடுப்பது, நிறுத்துவது, லீவு விடுவது எல்லாம் மேஸ்திரி கையில், அதாவது ஆட்களை மேய்க்கும் கங்காணி கையில் இருந்தன. வேலைக்குச் சேர மாமூல், சேர்ந்த வேலை நிலைக்க இன்னொரு மாமூல். எதற்கும் காகிதம் கிடையாது, அவர் வாயில் வந்ததுதான் ரெக்கார்டு. தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931இல் கொடுத்த அறிக்கை, ஆள் எடுக்கும் அதிகாரத்தை அவரிடமிருந்து எடுத்து லேபர் ஆபீசர் ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளிகளோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் வெல்பேர் ஆபீசர் கட்டாயம் என்றது. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு அதை 250 ஆக்கியது. உங்கள் டேலண்ட் மேனேஜ்மெண்டெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளிகள். (மேஸ்திரி இப்போது காண்ட்ராக்டர் என்ற பெயரில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடுவோம்.)

சரி, ஜாயினிங் ஃபார்முக்கு வருகிறேன். பட்டியலில் யூனிஃபார்முக்கும் கேண்டீன் டோக்கனுக்கும் பக்கத்தில் அதைப் போட்டிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் வேலையே அதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். முருகேசன் என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் ‘முருகேசன் கே’ என்றிருக்கும். பான் கார்டில் அப்பா பெயரையும் நீட்டிச் சேர்த்து ‘கந்தசாமி முருகேசன்’ ஆகியிருப்பார். பாஸ்புக்கில் ‘கே. முருகேசன்’. சம்பளம் வாங்கும்வரை மூன்றும் ஒரே ஆள்தான். பி.எஃப். பணம் கேட்கும்போது மூன்று ஆள். சேரும் அன்றைக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் மூன்று அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பார்க்காவிட்டால் ஆயுசுக்கும் அலைச்சல். ஆதார் இணைத்த கணக்குகளில் சில திருத்தங்களைத் தொழிலாளியே ஆன்லைனில் செய்துகொள்ள இப்போது வழியிருக்கிறது. என்னோடு வந்த தோழருக்கு அது உதவவில்லை. அவருடையது பழைய கணக்கு. கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். மில் மூடிப் பல வருஷம் ஆகிறது. யார் கையெழுத்துக்கு எங்கே போவார்?

பிறந்த தேதியும் அப்படித்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் பையன்களின் ஆதாரில் வரிசையாக ஜனவரி 1 என்று பார்த்து டைம் ஆபீசில் சிரிப்பார்கள். சிரிக்காதீர்கள். என் தலைமுறையில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் வைத்த தேதியில் பிறந்தவர்கள்தான். பி.எஃப். பென்ஷன் வயது 58. தேதியில் பிசகினால் பென்ஷன் தள்ளிப்போகும்.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளிக்கான மருத்துவக் காப்பீடு, அதன் நம்பரும் சேர்ந்தவுடன் போட வேண்டியது. அடுத்த வாரம் பார்ப்போம் என்று விட்டால், அந்த வாரத்திலேயே பிரஸ் மெஷினில் ஒருவன் விரல் போகும். விபத்துக்கு மறுநாள் போட்ட நம்பரை இ.எஸ்.ஐ.காரர் எந்தக் கண்ணோடு பார்ப்பார்?

இப்போது நாமினி, அதாவது தொழிலாளி இறந்தால் பணம் யாருக்கு என்று எழுதிவைக்கும் பெயர். நான் சேர்ந்த மில்லில் ஒரு தலைமை குமாஸ்தா இருந்தார். (ஆமாம், குமாஸ்தா.) தீபாவளி போனஸ் கொடுக்கும் நாளில் எல்லாத் தொழிலாளியும் அவர் மேஜைக்கு வந்துதான் தீர வேண்டும். கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரையும் கேட்பார்: “கல்யாணம் ஆயிடுச்சா? நாமினி மாத்துனியா? குழந்தை பேர் என்ன?” பின்னால் வரிசை கத்தும். மேனேஜர் எட்டிப் பார்த்து முறைப்பார். மனிதர் அசையமாட்டார். ஆகிவிட்டது என்று சொன்னவனை ஓரமாக நிறுத்தி, புதுப் படிவம் எழுதிய பிறகுதான் பணம். எங்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சலாக இருக்கும்.

பிற்பாடு நான் போன இன்னொரு கம்பெனியில் அப்படி ஒருவர் இல்லை. அங்கே ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போன தொழிலாளி ஒருவர் சாலை விபத்தில் இறந்துபோனார். படிவத்தை எடுத்துப் பார்த்தால் நாமினி இடத்தில் தம்பி பெயர். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. பி.எஃப். திட்டப்படி, குடும்பம் இல்லாதபோது எழுதிய அந்த மாதிரி நாமினேஷன் குடும்பம் வந்ததுமே செல்லாமல் போய்விடும். தம்பிக்கும் கிடைக்காது. மனைவி பெயரோ கம்பெனிக் காகிதம் ஒன்றில்கூட இல்லை. இனி வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு தாலுகா ஆபீஸ், அங்கே மாமியார் வீட்டோடு தகராறு. அந்தப் பெண் கைக்குழந்தையோடு கேட்டில் வந்து நிற்பார். செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். நாங்கள் போய்ப் பேசிவிட்டு வருவோம். பேசி என்ன?

அவருக்குச் சேர வேண்டியது பி.எஃப். பணம் மட்டும் என்று நினைக்காதீர்கள். வேலையில் இருக்கும்போது இறந்தால் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மாதாந்தரப் பென்ஷன் உண்டு. இ.டி.எல்.ஐ. என்று ஒரு காப்பீடு உண்டு, இன்றைய கணக்கில் 7 லட்சம் ரூபாய் வரை. அதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, கம்பெனிதான் கட்டுகிறது. அப்படி ஒன்று இருப்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர் நீங்கள். ஷிப்டு மாறும் நேரத்தில், பஸ்ஸுக்கு ஓடும் ஆளை நிறுத்தி, அவர் சலித்துக்கொண்டாலும் சொல்ல வேண்டும். இந்தியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், ஒரகடத்தில் அது இல்லாமல் பாதிப் பேரிடம் பேச முடியாது. கோர்ஸ் கோர்ஸ் என்று கேட்டீர்களே, அது வேண்டுமானால் கோர்ஸ்.

16,000 போதாதுதான். வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு எதுவும் அனுப்ப முடியாது. அந்தக் கவலை உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது. ஒன்றரை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். சம்பளக் கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர் வந்தால் எந்த ரெஜிஸ்டரை எடுத்து நீட்டுவது என்று தெரிந்த ஆளைத் தொழிற்சாலைகள் தேடிக்கொண்டேதான் இருக்கின்றன. கூடக் கொடுக்கிற இடத்துக்குப் போய்விடலாம்.

அப்புறம், ஆஃபர் லெட்டரையும் பயோடேட்டாவையும் மெயிலில் இணைத்திருந்தீர்கள். லெட்டரில் கையெழுத்துப் போட்டிருப்பது தொழிற்சாலை இல்லை, ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சி. அதாவது நீங்களே காண்ட்ராக்ட்தான். பி.எஃப். யார் கோடில், அதாவது எந்த முதலாளியின் பதிவு எண்ணில் கட்டுவார்கள் என்று சேரும் முன் கேளுங்கள். பயோடேட்டாவில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறது, ஆஃபர் லெட்டரில் பின்னால், மெயிலில் அப்பா பெயர் முழுசாக. திங்கட்கிழமை சேருவதற்குள் அதைச் சரிசெய்யுங்கள்.

அன்புடன்.